தொலைபேசித் தடம் – 14: கேட்காமலே போன எண்

2003 ஜூலை. குற்றாலத்தில் சீசன் மாதம். அந்த மாதத்தில்தான் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ‘மான்சூன் ஹங்காமா’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 501 ரூபாய் முன்பணம் கட்டினால் செல்போன் கைக்கு வரும். மீதியை மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 1 முதல், உள்வரும் அழைப்புக்குக் காசு கிடையாது என்றும் ஆகியிருந்தது. டாக்டர், வக்கீல், செங்கோட்டை மர வியாபாரி என்று சிலரின் சட்டைப்பையில் மட்டும் இருந்த செல்போன், ஆட்டோ ஓட்டுநர்களையும் ஐந்தருவிச் சாலையில் பழக்கடை போடுபவர்களையும் எட்டியது இதற்குப் பிறகுதான்.

அதுவரை ஊருக்கு வெளியே பேச எஸ்.டி.டி. பூத்தான் கதி. சென்ற இதழ் அந்தக் காலத்தோடு நின்றது. 04633 என்று தொடங்கும் தென்காசி வட்டார பூத்துகளில் கண்ணாடிக் கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும். ரிசீவரை வைத்ததும் பக்கத்து மேசையிலிருந்து பில் சுருள் வெளியே வரும். அந்தப் பில்லில் அழைத்த எண் இருக்கும், எத்தனை நிமிடம் என்று இருக்கும். யார் யாருக்குப் பேசினார்கள் என்று பூத்காரருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தத் துறையில் ரகசியம் காப்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தன் வழியாகப் போகும் செய்தியை உரிமையில்லாத ஒருவருக்கு வெளியிடும் தந்தி அலுவலருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று எழுதி வைத்திருந்தது. தொலைபேசி உரையாடலும் தனியுரிமையைச் சேர்ந்தது என்று 1996 டிசம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யூ.சி.எல்.) தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டுமே காத்தது பேச்சை, சேதியின் உள்ளடக்கத்தை. அந்தச் சேதிக்கு உரியவர் யார் என்ற விவரத்தை இந்த அளவுக்கு யாரும் பெரிதாக நினைக்கவில்லை. செல்போனில் இணையம் வந்தபோது ஓட்டை விழுந்த இடம் அதுதான்.

ரிலையன்ஸ் போனில் ‘ஆர் வேர்ல்டு’ என்றொரு பட்டியல் இருந்தது. ஜி.எஸ்.எம். போன்களில் ‘வாப்’ இருந்தது. கிரிக்கெட் ஸ்கோர், ராசிபலன், ரிங்டோன், நடிகர் படம் எல்லாம் அதன் வழியாக வந்தன. கிரெடிட் கார்டு என்ற பொருளையே பாராத லட்சக்கணக்கானவர்களிடம் ஐந்து ரூபாய்க்கு ரிங்டோன் விற்க வேண்டும். காசை எப்படி வசூலிப்பது? செல்போன் பேலன்சிலிருந்துதான். அப்படியானால் ரிங்டோன் விற்கும் இணையதளத்துக்கு, பட்டனை அழுத்தியவர் யார் என்று தெரிய வேண்டும். அதைத் தெரிவிக்கும் வேலையைச் செல்போன் நிறுவனமே எடுத்துக்கொண்டது.

எப்படிச் செய்தார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, போன் அந்த இணையதளத்துக்குச் சில வரிகளை அனுப்புகிறது. எந்தப் பக்கம் வேண்டும், என்ன மாடல் போன், எந்த மொழி என்பது போன்ற வரிகள். இவற்றுக்கு ஹெடர் என்று பெயர். வாடிக்கையாளரின் கண்ணுக்கு இவை தெரிவதில்லை. அந்தக் காலத்து மொபைல் இணையத்தில் இந்த வரிகள் முதலில் செல்போன் நிறுவனத்தின் ‘கேட்வே’ என்ற வாயில் கணினிக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே போகும். அந்தக் கணினி தன் பங்குக்கு ஒரு வரியைச் செருகியது. பெட்டியில் போட்ட கடிதத்தை எடுத்து, அனுப்பியவர் எழுதாத அவருடைய முகவரியைத் தபால் நிலையமே உறையின் மேல் எழுதி அனுப்புவது போன்ற காரியம் இது.

செருகப்பட்ட வரிகளில் பெயர் பெற்றது ‘எக்ஸ்-அப்-காலிங்-லைன்-ஐடி’. இதில் ‘அப்’ என்பது அன்வயர்ட் பிளானட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சுருக்கம். 1997-ல் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா ஆகியவற்றுடன் சேர்ந்து வாப் முறையைத் தொடங்கிய நிறுவனம் அது. அந்த வரிக்கு எதிரே இருப்பது நாட்டுக் குறியோடு சேர்ந்த தொலைபேசி எண். இந்திய எண் என்றால் 91, அதன் பிறகு பத்து இலக்கங்கள். சில நிறுவனங்களின் கேட்வே இன்னும் ஒரு படி போய், சிம் கார்டுக்குள் இருக்கும் ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணையும் சேர்த்தே அனுப்பியது. பொதுவாக 15 இலக்கம். இந்திய சிம் என்றால் 404 அல்லது 405 என்று தொடங்கும்.

ரிங்டோன் விற்கும் கூட்டாளி நிறுவனத்துக்கு மட்டும் இந்த வரி போக வேண்டும் என்பதுதான் திட்டம். கேட்வேயில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள தளத்துக்கு எண் போகும், மற்றவற்றுக்குப் போகாது. அந்தப் பட்டியலைச் சரியாக எழுதாத நிறுவனத்தின் வாடிக்கையாளர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், மருத்துவக் குறிப்பு, வேலைவாய்ப்பு, கடன் விளம்பரம் எதுவானாலும், அந்தந்தத் தளத்துக்கு அவருடைய செல்போன் எண் போய்ச் சேர்ந்தது. அவர் எங்கேயும் எண்ணை எழுதவில்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

திட்டமிட்டபடி ஒழுங்காக நடந்த இடங்களிலும் பாதிப்பு இருந்தது. அந்த ஆண்டுகளில் பத்து ரூபாய்க்கு டாப்-அப் செய்த எவருக்கும் அது நினைவிருக்கும். ஒரு விளம்பரப் படத்தில் விரல் பட்டிருக்கும்; ஜோசியச் சேவையோ ஜோக் சேவையோ ‘ஆக்டிவேட்’ ஆகியிருக்கும்; பேலன்ஸ் கரைந்திருக்கும். ரீசார்ஜ் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கும் காரணம் தெரியாது. அழுத்தியவரின் எண் பின்னால் தானாகவே போய்விடுவதால், ‘எண்ணைக் கொடுங்கள்’ என்று கேட்கும் கட்டமே வரவில்லை. புகார்கள் குவிந்தன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2011-ல் ஓர் உத்தரவு போட்டது. அது போதாமல் 2013 ஜூலை 10-ல் இன்னொன்று போட்டது. இரண்டாவது உத்தரவின்படி, வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொன்ன பிறகே மதிப்புக்கூட்டுச் சேவைக்குக் காசு எடுக்கலாம். பலருடைய பணம் அதற்குள் போய்விட்டது. அந்த உத்தரவு பேலன்சைக் காப்பாற்றியது. எண் வெளியே போவதை அது தொடவில்லை.

எண் வெளியே போகிறது என்று ஆதாரத்தோடு உலகுக்குச் சொன்னவர் கொலின் முல்லினர், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர். தன் இணையதளத்துக்கு வந்த செல்போன்கள் என்னென்ன ஹெடர்களைச் சுமந்து வருகின்றன என்று சேர்த்துவைத்துப் பார்த்தார். பல நாட்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர் எண்கள் அதில் அப்படியே கிடந்தன. 2010 மார்ச்சில் கனடாவின் வான்கூவரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அதை வெளியிட்டார். துறைக்குள் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பொதுமக்கள் காதுக்கு எட்டவில்லை.

எட்டியது இரண்டாண்டு கழித்து. 2012 ஜனவரி 25 அன்று லூயிஸ் பெக்கோவர் என்ற கணினி நிர்வாகி, திறப்பவரின் போன் அனுப்பும் ஹெடர்களை அவருக்கே திருப்பிக் காட்டும் பக்கம் ஒன்றை வெளியிட்டார். பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் சிம் வைத்திருந்தவர்கள் அதைத் திறந்தபோது, தங்கள் சொந்த எண் திரையில் நிற்பதைப் பார்த்தார்கள். அன்று பிற்பகலிலேயே ஓ2 அதைச் சரிசெய்தது. ஜனவரி 10-ஆம் தேதி வழக்கமான பராமரிப்பின்போது செய்த மாற்றம்தான் காரணம் என்றது. பதினைந்து நாள். அதே விளக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: வயது சரிபார்ப்புக்காகவும் கட்டணச் சேவைகளுக்காகவும் நம்பகமான சில கூட்டாளிகளுக்கு எண்ணைக் கொடுப்பது தங்கள் வழக்கம் என்று ஓ2 சொல்லியது. தவறியது பட்டியல் மட்டுமே. எண்ணைக் கொடுக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது.

அமெரிக்காவில் நடந்தது தவறுதலாக நடந்ததல்ல. அங்கே வெரைசன் நிறுவனம் 2012 கடைசியிலிருந்து தன் வாடிக்கையாளர் திறக்கும் பக்கங்களுக்கெல்லாம் ஓர் அடையாளக் குறியைச் சேர்த்து அனுப்பியது. அது தொலைபேசி எண்ணல்ல, நீண்ட எழுத்துக்கோவை. நோக்கம் விளம்பரம். பிரவுசரில் குக்கீகளை அழித்தாலும் இந்தக் குறி அழியாது, ஏனென்றால் அது போனில் இல்லை, நெட்வொர்க்கில் இருக்கிறது. 2014 அக்டோபரில் இது வெளியே வந்தது. அடுத்த ஜனவரியில் ஜோனதன் மேயர் என்ற ஆய்வாளர், டர்ன் என்ற விளம்பர நிறுவனம் வாடிக்கையாளர் அழித்த குக்கீகளை இந்தக் குறியை வைத்தே உயிர்ப்பித்துக்கொள்வதைக் காட்டினார். 2016 மார்ச்சில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் வெரைசனுக்கு 13.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பத்துக் கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள் உள்ள நிறுவனத்துக்கு இது மிகச் சிறிய தொகை.

2015 ஆகஸ்டில் இந்தக் கணக்கில் இந்தியாவின் பெயரும் வந்தது. ஆக்சஸ் நவ் என்ற உரிமை அமைப்பு, தங்கள் போன் இப்படிக் குறி சுமக்கிறதா என்று மக்களே சோதித்துக்கொள்ள ஒரு தளம் வைத்திருந்தது. ஏறக்குறைய இரண்டு லட்சம் சோதனைகளில் 15 சதவீதத்துக்கு மேல் குறி தென்பட்டது. பத்து நாடுகள் பட்டியலில் இருந்தன. நிறுவனங்களின் வரிசையில் ஏ.டி. அண்ட் டி., வெரைசன், வோடஃபோனின் நெதர்லாந்து, ஸ்பெயின் கிளைகள் ஆகியவற்றோடு பார்தி ஏர்டெல்லும் இருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஏர்டெல் இன்னொரு விவகாரத்தில் மாட்டியிருந்தது. பெங்களூரு நிரலாளர் தேஜேஷ் ஜி.என். தன் இணையதளத்தைத் தானே ஏர்டெல் 3ஜி வழியாகத் திறந்தபோது, தான் எழுதாத நிரல் வரிகள் அதற்குள் இருப்பதைப் பார்த்தார். பக்கம் அவருடைய சர்வரிலிருந்து கிளம்பும்போது அந்த வரிகள் இல்லை. வாசகர் கையில் சேரும்போது இருந்தன. இடையில் இருந்தது நெட்வொர்க் மட்டும். 2015 ஜூன் 3-ஆம் தேதி அவர் அதைப் படமெடுத்து, அந்த நிரலையும் கிட்ஹப் தளத்தில் போட்டார். செய்தது அவ்வளவுதான்.

சில நாளில் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது ஏர்டெல் இல்லை. ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் சார்பில் ஒரு மும்பை வழக்கறிஞர் நிறுவனம். எங்கள் நிரலை நீங்கள் பகிரங்கமாக்கியது சட்ட மீறல், எடுத்துவிடுங்கள் என்றது. பதிப்புரிமைப் புகாரின் பேரில் கிட்ஹப்பும் அந்தப் பக்கத்தை நீக்கியது. ஏர்டெல், வாடிக்கையாளர் எத்தனை எம்.பி. செலவழித்தார் என்று அவரே தெரிந்துகொள்ள உதவும் ஏற்பாடு இது, உலகெங்கும் உள்ள நடைமுறை என்று விளக்கியது. அந்த நோட்டீசுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னது.

இந்த நிகழ்வு இந்தத் தொடரில் தனி இடம் பெற வேண்டியது. ஒரு மனிதரின் சொந்தப் பக்கத்தில் கேட்காமல் நிரலைச் சேர்த்தவர்கள் மேல் வழக்கு இல்லை. அதை ஊருக்குக் காட்டியவர் குற்றவாளிபோல் நோட்டீஸ் வாங்கினார். கண்டுபிடித்துச் சொல்பவருக்கு நாட்டில் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதை மற்ற நிரலாளர்கள் அன்று புரிந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட நோட்டீஸ்கள் எத்தனை பேரை வாய்மூட வைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க்கில் வரி செருகும் வழக்கத்தைப் பெருமளவு அடைத்தது சட்டமில்லை, ஒரு தொழில்நுட்பம். முகவரிப் பட்டையில் பூட்டுக் குறியோடு வரும் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ பக்கங்களைச் செல்போன் நிறுவனம் பிரித்துப் பார்க்க முடியாது. எனவே அதற்குள் எதையும் செருகவும் முடியாது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பர் முதல் அதற்கான சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. 2018 ஜூலையிலிருந்து, பூட்டு இல்லாத பக்கங்களை ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் பிரவுசர் காட்டியது. எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது இன்றும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தெரியும். அங்கே என்ன படிக்கிறார் என்பது தெரியாது.

அதற்குள் விவரங்கள் வேறு வாசல் வழியாகப் போகத் தொடங்கியிருந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா மலிந்தது, சிம் வாங்க ஆதாரும் கைரேகையும் போதும் என்றானது. அடுத்த ஜூலையில், ஜியோ எண்ணைத் தட்டினால் அதன் சொந்தக்காரர் பெயரையும் இமெயிலையும் காட்டும் ஓர் இணையதளம் முளைத்தது. அந்த விவரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று நிறுவனம் முதலில் மறுத்தது. பிறகு, தன் கணினிக்குள் அத்துமீறி நுழைந்துவிட்டதாகப் போலீசில் புகார் கொடுத்தது. ராஜஸ்தானில் ஓர் இளைஞர் கைதானார். 2019 டிசம்பரில் ஏர்டெல் செயலியில் ஒரு பிழை இருப்பதை பெங்களூருவைச் சேர்ந்த எராஸ் அகமது கண்டார். எண் தெரிந்தால் போதும், பெயர், பிறந்த தேதி, முகவரி, போனின் ஐ.எம்.இ.ஐ. எண்வரை எடுக்க முடிந்தது. நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் அப்போது 30 கோடிக்கு மேல். பி.பி.சி. கேட்ட பிறகு ஏர்டெல் பிழையை ஒப்புக்கொண்டு சரிசெய்தது. இங்கும் முதலில் கண்டது வெளியாள்தான்.

தென்காசி போன்ற ஊரில் இதன் பாரம் கூடுதல். ரீசார்ஜ் கடை நோட்டில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி எழுதப்பட்ட எண்களை, பெண்களுக்குத் தொல்லை கொடுப்பவர்கள் கடைகளிலிருந்து விலைக்கு வாங்குகிறார்கள் என்று உத்தரப் பிரதேசத்திலிருந்து 2017-ல் செய்திகள் வந்தன. எண்ணைச் சொல்லாமலே ரீசார்ஜ் செய்யும் ‘சகி’ என்ற வசதியைப் பெண்களுக்காக வோடஃபோன் அடுத்த ஆண்டு கொண்டுவந்தது. தேவையான வசதிதான். ஆனால் கடைக்காரரின் நோட்டிலிருந்து எண்ணை மறைக்கத் தெரிந்த துறை, தன் கேட்வேயிலிருந்து அதைப் பத்தாண்டுகள் முன்பே மறைத்திருக்க வேண்டும். இன்று அந்த எண்ணில்தான் வங்கி ஓ.டி.பி. வருகிறது, கேஸ் சிலிண்டர் பதிவாகிறது, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி வருகிறது. சீசனுக்குக் குற்றாலம் வந்து லாட்ஜில் அறை எடுப்பவர் பேரேட்டில் முதலில் எழுதுவதும் அதைத்தான். 2003-ல் அது பேசுவதற்கான எண். இப்போது அது ஆளுக்கே அடையாளம்.

தென்காசியிலிருந்து கடையம் போகும் சாலையில், மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் 2011 முதல் நடக்கிறது. அது செல்போன் நிறுவனமல்ல. ஆனால் இந்த அத்தியாயத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு. விளம்பர வருமானத்தைத் தொடுவதில்லை என்பது அதன் நெடுநாள் கொள்கை. 2020-ல் தன் இணையதளங்களில் இருந்த பிற நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்களை நீக்கிவிட்டதாகவும் அது அறிவித்தது. வாடிக்கையாளரைப் பின்தொடராமல் மென்பொருள் வியாபாரம் செய்ய முடியும் என்பதற்கு மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வேறு வழியில்லை என்று பெரிய நிறுவனங்கள் சொல்வதை அதனால் ஏற்க முடியாது.

சட்டம் மெதுவாக வந்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். விவரங்களுக்குச் சொந்தக்காரர் வாடிக்கையாளரே, நிறுவனம் காவல்காரர் மட்டுமே என்று டிராய் 2018 ஜூலையில் பரிந்துரைத்தது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விவரங்களைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும். இதில் பெருங்குறை ஒன்று உண்டு. அபராதம் முழுவதும் அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க உதவிய பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. எண்ணைப் பறிகொடுத்தவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வராது.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில். அதன் பிறகு 11-ஆம் பிரிவின்படி எந்த வாடிக்கையாளரும் தன் நிறுவனத்துக்கு எழுதி, என் விவரங்களில் என்னென்ன உங்களிடம் இருக்கின்றன, யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கலாம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் தரச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. வாசகர்கள் அந்தக் கடிதத்தை எழுத வேண்டும்.